செல்வர் இல்லத்து ஏடுகளும் நம் தகரப் பெட்டிகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் இம்மேடையில் புலவர்களும் பேராசிரியர்களும் பேசக் கேட்டுப் பின்வரிசையில் அமர்ந்து கைதட்டி வந்த நம்மை, இவ்வாண்டு முன்னே இழுத்து நிறுத்தியிருக்கிறார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இருபதாண்டுகளுக்கு மேலாக இரயில்வேயில் எழுத்தர் வேலை பார்த்து வருகிறோம். இலக்கியம் பற்றி ஏதேனும் பேசுமாறு முதலில் பணித்தனர். இலக்கியம் நம்மைப் பொறுத்துக்கொள்ளாது என்று அஞ்சி, நமக்குத் தெரிந்த பொருள் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டோம். அப்பொருள் தாள். எழுதிய தாள், அச்சிட்ட தாள், நிழற்படத் தாள். நாள்தோறும் நம் கைபடுவது அதுவே.

சென்ற மழைக்காலத்தில் நம் சங்கத்தின் பழைய காரியதரிசி ஒருவர் இயற்கை எய்தினார். பெயரைச் சொல்ல வேண்டுவதில்லை. இம்மண்டபத்தில் அவரை அறியாதார் இலர். தஞ்சைச் சீமையிலிருந்து வேலை தேடி வந்து, இராஸ்தாப் பேட்டையில் ஓர் ஒற்றை அறையில் குடியேறி, ஞாயிறுதோறும் அந்த அறையிலேயே குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்துக் கற்பித்தவர். அவருடைய கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதனுள் நம் சங்கத்தின் முதல் நன்கொடைப் புத்தகத்தின் அடிக்கட்டைகள், நாடகக் குழுவினர் எழுதிய கடிதங்கள், பொங்கல் விழா அழைப்பிதழ்கள், குழுப் படங்கள் எல்லாம் இருந்தன. ஒரு முறை பெட்டியைத் திறந்து நமக்குக் காட்டியிருக்கிறார். "இதையெல்லாம் ஒருநாள் ஒழுங்குபடுத்த வேண்டும் தம்பி" என்றார். "ஆகட்டும் ஐயா" என்றோம். அந்த ஒருநாள் வரவேயில்லை.

காரியங்கள் முடிந்த மூன்றாம் நாள் ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு சென்றோம். பெட்டி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த மகனுக்குப் பத்து நாள்தான் விடுப்பு. வாடகை வீட்டைக் காலி செய்து சாவி கொடுத்தாக வேண்டும். முந்தின நாள் மாலையில் 'ரத்தி' வாங்குபவர் வந்து, தாள் அனைத்தையும் நிறுத்து எடுத்துச் சென்றுவிட்டார். அக்குடும்பத்தாரை நாம் குறை சொல்லவில்லை. ஒருநாள் முன்னதாகப் போகாத நம்மையே நொந்துகொண்டோம். அங்கிருந்து நேரே அந்த ரத்திக் கடையைத் தேடிப் போனோம். அங்கே கிடைத்தது யாது என்பதைப் பின்னர்ச் சொல்கிறோம்.

அன்று மாலை வீடு திரும்புகையில் நெஞ்சில் ஒரு வினா எழுந்தது. இதே ஊரில் ஒரு செல்வக் குடும்பத்தின் தாள்கள் எப்படிக் காக்கப்படுகின்றன?

நம் இரயில் நிலையத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத மங்கல்தாஸ் சாலையில், டாட்டா நிறுவனத்தாரின் பயிற்சி நிலைய வளாகத்துக்குள் ஒரு காப்பகம் இருக்கிறது. டாட்டா மத்திய ஆவணக் காப்பகம் என்பது அதன் பெயர். 1991-இல் பம்பாயில் தொடங்கப் பெற்று, 2001-இல் புனேயில் தனக்கென அமைந்த கட்டடத்துக்கு வந்து சேர்ந்தது. வணிகக் குடும்பம் ஒன்றும் அதன் நிறுவனங்களும் தம் கடிதங்களையும் கணக்குகளையும் நிழற்படங்களையும் நூல்களையும் முறையாகச் சேர்த்து வைக்க இந்தியாவில் முதன்முதல் எழுந்த காப்பகம் என்று அதனைச் சொல்வர். ஜே. ஆர். டி. டாட்டா 1993-இல் காலமானார். அவர் வாழ்நாளிலேயே தொடங்கிய முயற்சி இது என்பதைக் கருத வேண்டும். ஒருவர் மறைந்த பின்னர் அவர் பெட்டியைத் திறப்பது வேறு. அவர் இருக்கும்போதே, "இது யார் கடிதம், இப்படத்தில் மூன்றாவதாக நிற்பவர் யார்" என்று கேட்டு எழுதிக்கொள்வது வேறு.

பிம்ப்ரியில் டெல்கோவில் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் சிலர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறீர்கள். "எங்கள் முதலாளி வீட்டுத் தாள்களைக் காப்பதால் நமக்கென்ன?" என்று கேட்பீர்களாயின், இரயில்வேக்காரராகிய நாம் இரயில்வேக் கதை ஒன்றாலேயே விடை சொல்கிறோம்.

ஜாம்ஷெட்ஜி டாட்டா 1882-இல், ஏறக்குறைய இப்போது நமக்குள்ள வயதில், ஜெர்மானிய நிபுணர் ஒருவர் எழுதிய அறிக்கையைப் படித்தார். இம்மாநிலத்தின் சாந்தா மாவட்டத்தில் இரும்புக் கனி உண்டு என்பது அதன் சாரம். அன்றைய சுரங்கச் சட்டம் இடந்தரவில்லை. எண்ணம் மட்டும் கிடந்தது. பின்னர் 1904 பிப்ரவரி 24-ஆம் நாள் பிரமத நாத் போஸ் என்னும் நிலவியலார் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். மயூர்பஞ்ச் சமஸ்தானத்தில் மிகச் சிறந்த இரும்புக் கனி இருப்பதை அதில் தெரிவித்தார். அக்கடிதம் எழுதப்பட்டு மூன்று மாதங்கூட நிறையுமுன், மே 19-இல், ஜாம்ஷெட்ஜி ஜெர்மனியில் உயிர் நீத்தார். தந்தை போய்விட்டார், தாள் இருந்தது. மகன் தோராப்ஜி அவ்வழியே நடந்தார். 1907-இல் எஃகுக் கம்பெனி பதிவாயிற்று. 1912-இல் முதல் எஃகு வார்க்கப்பட்டது.

அக்காலத்தில் இந்திய இரயில்வேயின் தலைமைப் பதவியிலிருந்த சர் ஃபிரெடெரிக் அப்காட் என்னும் வெள்ளைக்காரர், இந்தியர் எஃகுத் தண்டவாளம் செய்தால் அதனை ஒவ்வொரு இராத்தலாகத் தாமே தின்றுவிடுவதாகச் சொன்னாராம். முதல் உலகப் போரில் மெசபொட்டேமியாவுக்கு அனுப்பப்பட்ட டாட்டா தண்டவாளத்தின் நீளம் 1,500 மைல். அவர் சொன்ன சொல்லைக் காத்திருந்தால் நல்ல அஜீரணம் கண்டிருக்கும் என்று தோராப்ஜி நகைத்ததாக அக்கதை முடியும். 1919-இல் வைசிராய் செம்ஸ்ஃபோர்டு பிரபு அவ்வூருக்கு வந்து ஜாம்ஷெட்பூர் என்று பெயரிட்டார். காலிமாட்டி என்றிருந்த இரயில் நிலையம் டாட்டாநகர் ஆயிற்று. கல்கத்தாப் பக்கம் செல்லும் வண்டிகளில் பார்சல் சீட்டெழுதும்போதெல்லாம் அப்பெயரை எழுதுகிறோம். எண்பத்தைந்து நாள் இடைவெளியில் வந்து சேர்ந்த ஒரு கடிதம் அப்பெயருக்குப் பின்னே நிற்கிறது என்பதை நெடுங்காலம் அறியாமலே எழுதிக்கொண்டிருந்தோம்.

இன்னொன்றும் சொல்லலாம். 1924-இல் அந்த எஃகுக் கம்பெனி கூலி கொடுக்கப் பணமின்றித் தத்தளித்தபோது, தோராப்ஜி தம் சொந்தச் செல்வம் முழுவதையும் இம்பீரியல் வங்கியில் ஈடு வைத்து ஒரு கோடி ரூபாய் கடன் பெற்றார். அவர் மனைவி மெஹர்பாய் அம்மையாரின் 245 காரட் ஜூபிலி வைரமும் அந்த ஈட்டில் அடங்கும். அம்மையார் 1931-இலும் அவர் 1932-இலும் மறைந்தனர். வைரமும் பின்னர் விற்கப்பட்டு அறநிலைய நிதியில் சேர்ந்தது. வைரம் கைமாறிவிட்டது, அதனை ஈடு வைத்த செய்தி தங்கிவிட்டது. நம் வீடுகளிலும் மகளுக்குச் செய்த வளையலை மகன் படிப்புக்காக அடகு வைத்த சீட்டுகள் உண்டு. கடன் அடைந்ததும் அவற்றைக் கிழித்தெறிவதுதான் நம் வழக்கம்.

ஆனால் செல்வர் காப்பகத்தைப் புகழ்வதோடு நின்றுவிட்டால் நாம் பாதி உண்மையே பேசியவராவோம். புனேக்கு மேற்கே மலைத்தொடரில் முள்ஷி ஏரி இருக்கிறது. விடுமுறை நாளில் பிள்ளைகளோடு சென்று சுண்டல் தின்று திரும்புகிறோம். டாட்டா மின்சாரக் கம்பெனியின் அணையால் உண்டான ஏரி அது. அதன் நீரால் பீரா மின்நிலையம் 1927-இல் இயங்கத் தொடங்கி, பம்பாய்க்கு விளக்கும் விசையும் தந்தது. அதே அணைக்காகத் தம் நெல் வயல்களையும் வீடுகளையும் இழக்க நேர்ந்த மாவள உழவர்கள், 1921-இல் சேனாபதி பாபட் முதலியோர் தலைமையில் அறப்போர் தொடுத்தனர். மூன்றாண்டுகள் போராடியும் அணை எழுந்தது. கம்பெனியின் வரைபடங்களும் ஒப்பந்தங்களும் எங்கேனும் ஓரிடத்தில் ஒழுங்காக இருக்கும். முழுகிப்போன அந்த வீடுகளின் எறவாணத்தில் செருகியிருந்த பட்டா எங்கே, நிலவரி இரசீது எங்கே? செய்தித்தாள்களிலும் அரசாங்கக் கோப்புகளிலும் பிறர் எழுதி வைத்தவற்றைக் கொண்டே அவர்களைப் பற்றி நாம் இன்று அறிகிறோம். செல்வர் தம் கதையைத் தம் வாயாலேயே சொல்கின்றனர். எளியவர் கதையைப் பெரும்பாலும் தாசில்தார் சொல்கிறார்.

இதனைச் சொல்லும் நமக்கும் அதில் பங்குண்டு. அதை இம்மேடையில் ஒப்புக்கொள்ள வேண்டியவர்களாய் இருக்கிறோம்.

அலுவலகத் தாள்களுக்கு ஆயுள் வரையறை உண்டு. இந்தப் பதிவேடு இத்தனை ஆண்டு, அந்தக் கோப்பு இத்தனை ஆண்டு, மற்றது நிரந்தரம் என்று அட்டவணை உண்டு. காலம் கடந்தவற்றைக் கழித்து விடாவிட்டால் அலுவலகத்தில் மனிதர் உட்கார இடமிராது. சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு கழிக்க வேண்டியவற்றின் பட்டியல் எழுதும் வேலை நம்மிடம் வந்தது. தூசி படிந்த ஒரு கட்டைப் பிரித்தபோது, மிகப் பழைய வருகைப் பதிவேடுகள் வெளிவந்தன. தண்டவாளம் பழுது பார்க்கும் கேங்மேன்களின் பெயர்கள். பக்கத்துக்குப் பக்கம் தமிழ்ப் பெயர்கள். ஆங்கில எழுத்தில் யாரோ மனம்போனபடி எழுதியவை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஊதா மையில் ஒரு பெருவிரல் ரேகை. கோர்ப்படிக் காலனியில் இன்று நம்மோடு வாழும் குடும்பங்கள் சிலவற்றின் பாட்டனார்களாக அவர்கள் இருக்கலாம் என்ற எண்ணம் அப்போதே தோன்றியது. தோன்றியும், வரிசை எண் இட்டு, "காலங் கடந்தவை" என்று எழுதி, மேலதிகாரியின் கையொப்பத்துக்கு வைத்தோம். விதிப்படி செய்தோம். ஒரு குறிப்பெழுதிக் கேட்டிருந்தால் ஒருவேளை அக்கட்டை வேறிடத்துக்கு அனுப்பியிருப்பர். நாம் கேட்கவில்லை. அன்று மதிய உணவுக்கு முன் பட்டியல் முடிந்துவிட்டது என்ற மகிழ்ச்சிதான் இருந்தது.

இந்நிலையில் உள்ள நாம் நம்மைவிடப் பெரியோர் செய்ததைச் சற்று நோக்குவோம். அதற்கு இப்புனே நகரைப் போல் தகுந்த இடம் வேறில்லை. பேஷ்வாக்களின் தாள்கள் இங்கே பேஷ்வா தப்தர் என்ற பெயரில் பல்லாயிரம் துணிக்கட்டுகளாக இருக்கின்றன. அக்கட்டுக்கு ருமால் என்று பெயர். நம் ஊர்ப் பாட்டனார் தலையில் கட்டிய உருமாலும் அதே சொல்தான். மோடி எழுத்தில் அமைந்த அக்கடல் போன்ற குவியலிலிருந்து கோவிந்த சகாராம் சர்தேசாய் 1930 முதல் 1934 வரை 45 தொகுதிகள் தேர்ந்து பதிப்பித்தார்.

அது அரசாங்கக் கட்டடத்துக்குள் இருந்த சரக்கு. வீடுகளுக்குள் இருந்த சரக்கைத் தேடியவர் விசுவநாத் காசிநாத் ராஜ்வாடே. பழைய சர்தார்களின் மாளிகைகளுக்கும் குல்கர்ணிகளின் பரண்களுக்கும் ஊர் ஊராக நடந்து சென்று கேட்டவர். தாளை வெளியே காட்டினால் நிலத்துக்கு வழக்கு வருமோ, பங்காளி உரிமை கேட்பானோ என்று அஞ்சி வீட்டார் கதவடைத்த காலம் அது. 1898-இல் முதல் தொகுதியை வெளியிட்டு, 22 தொகுதிகள் வரை கொண்டு வந்தார். 1910-இல் அவரும் நண்பரும் இங்கே சதாசிவப் பேட்டையில் உள்ள பாரத இதிகாச சம்சோதக மண்டலத்தை நிறுவினர். அமைச்சர் நானா ஃபட்னவீஸின் மேணவலி மாளிகைத் தாள்களைத் தேடிப் பெற்றவர் பாரஸ்னீஸ் என்பவர். அவர் சதாராவில் சேர்த்த சேமிப்பு 1939-இல் நம் டெக்கன் கல்லூரிக்கு வந்து சேர்ந்தது. மராத்தியப் பெருமக்கள் இதில் காட்டிய ஆர்வத்தை அருகிலிருந்து கண்டும் நாம் கற்றுக்கொள்ளவில்லை என்பது நமக்குப் பெருமையன்று.

தமிழர் நிலையும் இதற்கு ஈடாகச் சொல்லத்தக்கதே. ஓலைச் சுவடிகள் ஆற்றோடும் நெருப்போடும் போன கதையை உ. வே. சாமிநாதையர் வாயிலாக அனைவரும் அறிவோம், அதை விரிக்கவில்லை. ஒரு செல்வர் வீட்டுக் கதையை மட்டும் சொல்வோம். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் துபாஷாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761-இல் தாம் இறக்குங்காலம் வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். ஆளுநர் டியூப்ளே உரைத்ததும் சந்தையில் துணி விலை ஏறியதும் தம் வீட்டுத் துயரமும் அதில் அடுத்தடுத்து வரும். அவர் மறைந்த நான்கே நாளில் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் வீழ்ந்தது. நாட்குறிப்பு அவர் வழியினர் வீட்டிலேயே ஏறக்குறைய எண்பத்தைந்து ஆண்டுகள் உறங்கியது. 1846-இல் கலுவா மொம்பிரேன் என்பவர் அதனைக் கண்டு படியெடுத்தார். ஏரியல் என்ற பிரெஞ்சுக்காரர் எடுத்த படி பாரிசு மாநகரத்து நூலகத்துக்குச் சென்றது. 1904 முதல் 1928 வரை சென்னையில் ஆங்கில மொழிபெயர்ப்பு 12 தொகுதிகளாக வெளிவந்தது. அவ்வீட்டார் பெருஞ்செல்வராயிருந்தும் அவர்களிடமிருந்த ஏடுகள் அனைத்தும் தப்பிவிடவில்லை. செல்வம் தாளைக் காக்காது. எவரோ ஒருவர் வந்து கேட்டதும், வீட்டார் மறுக்காமல் கொடுத்ததும், உடனே ஒரு படி எடுத்து வேறிடத்தில் வைத்ததும் சேர்ந்தே அதனைக் காத்தன.

வேறிடத்தில் வைப்பதன் அருமையை இவ்வூரே நமக்குக் காட்டியுள்ளது. 1961 ஜூலை 12-இல் பான்ஷேத் அணை உடைந்து ஆற்றோரப் பேட்டைகளில் வெள்ளம் புகுந்தபோது, எத்தனை பழைய வாடாக்களின் பெட்டிகள் சேறாயினவோ! 2003-இல் திரைப்படக் காப்பகத்தின் பழைய நைட்ரேட் படச்சுருள்கள் தீயில் போயின. 2004 சனவரி 5-இல் பண்டார்க்கர் ஆய்வு நிலையத்துள் ஒரு கூட்டம் புகுந்து நூல்களையும் சுவடிகளையும் சிதைத்தது. காப்பகம் என்ற பலகை மாட்டியிருந்தாலே காவல் வந்துவிடாது.

காப்பகத்தில் தாளை எப்படிக் காக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். இதில் மந்திரம் ஏதுமில்லை. தாளுக்குப் பகை வெயில், ஈரம், பூச்சி, துரு ஆகியவை. மரக்கூழால் செய்த மலிவுத் தாள் தன்னுள்ளே இருக்கும் அமிலத்தாலேயே பழுத்துப் பொடியாகும். ஆகவே அமிலமற்ற அட்டைப் பெட்டிகளில், வெப்பமும் ஈரமும் ஏறி இறங்காத அறையில் வைக்கிறார்கள். குண்டூசியையும் இரப்பர் வளையத்தையும் நீக்குகிறார்கள். படியெடுத்து, வருவோர்க்குப் படியைக் காட்டி, மூலத்துக்கு ஓய்வு தருகிறார்கள்.

நம் தொழிலுக்கு ஒத்த இன்னொரு முறையும் உண்டு. அதனைப் படித்தறிந்தபோது நாம் வியந்தோம். ஒருவர் வீட்டிலிருந்து வரும் தாள்களைப் பொருள்வாரியாகப் பிரித்துக் கலைத்துவிடக் கூடாது என்பதே அது. திருமண அழைப்பிதழ்களை எல்லாம் ஒருபுறம், படங்களை எல்லாம் ஒருபுறம் என்று அடுக்கினால் கண்ணுக்கு அழகாயிருக்கும். ஆனால் பொருள் போய்விடும். எந்தக் கடிதத்தோடு எந்தப் படம் மடித்து வைக்கப்பட்டிருந்ததோ, அதனோடுதான் அதற்கு உயிர். பார்சல் அலுவலகத்தில் மூட்டை இருந்தும் சீட்டுக் கிழிந்துவிட்டால், அனுப்பியவரும் பெறுபவரும் தெரியாமல் அது கேட்பாரற்ற சரக்காகிவிடும். பெயரெழுதாத நிழற்படமும் அத்தகையதே. நம் வீட்டுச் சுவரிலேயே அவ்வாறு ஒன்று மாட்டியிருக்கிறது. வேட்டி கட்டிய நால்வர், நடுவில் ஒரு மேசை விசிறி. அப்பாவைத் தவிர மூவர் யாரென்று சொல்ல இன்று எவருமில்லை. விசிறியை மட்டும் அடையாளம் தெரிகிறது.

தாய்மார்களுக்கு ஓர் ஐயம் இருக்கும். வீட்டுக் கடிதங்களில் பிறர் பார்க்கத் தகாதவை உண்டே என்பது அது. உண்மைதான். கடனும் பிணக்கும் கண்ணீரும் இல்லாத கடிதக்கட்டு எந்த வீட்டிலும் இராது. காப்பகத்தார் இதற்கும் வழி வகுத்துள்ளனர். கொடுப்பவர் விரும்பினால் உறையிட்டு முத்திரை வைத்து, இத்தனை ஆண்டு வரை எவரும் திறக்கலாகாது என்று எழுதி வாங்கிக்கொள்வர். எரித்துவிடுவதைவிட இது நன்று. பெரிய குடும்பங்களின் காப்பகங்களில் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதை அக்குடும்பத்தாரும் நிறுவனத்தாருமே முடிவு செய்கின்றனர் என்ற குறையும் உண்டு. அது நம் சங்கத்துக்கும் நேரலாம். ஆதலால் நிர்வாகக் குழுவுக்குப் புகழ் சேர்க்கும் தாள்களை மட்டும் வைத்துக்கொள்வதை நாம் ஏற்கமாட்டோம். இருமுறை சங்கம் பிளவுபட்டபோது அச்சடித்த துண்டறிக்கைகளும் வர வேண்டும். இங்கே சிலர் சிரிக்கிறீர்கள். அவை உங்களிடமே இருக்கும் என்பது நமக்குத் தெரியும்.

கட்டடமும் குளிர்சாதனமும் நமக்கு ஆகாதவை. ஓர் இரும்பு அலமாரியும் ஒரு பதிவேடும் ஆகும். தலைவரவர்கள் இசைவளித்துவிட்டார்கள், நூலக அறையின் மேற்குச் சுவரை விட்டு, ஈரம் படாத உட்சுவரின் ஓரமாக அலமாரி நிற்கும். வீட்டார் தரும் எதனையும் பதிவேட்டில் வரிசை எண், நாள், கொடுத்தவர் பெயர், எத்தனை தாள் என்று எழுதிக் கையொப்பமிட்டு இரசீது கொடுப்போம். மூலத்தைப் பிரிய மனமில்லாதவர் கொண்டு வரட்டும். படியெடுத்துத் திருப்பித் தருவோம். எடுத்த படிகளுள் ஒன்று இங்கேயும், ஒன்று வேறொரு வீட்டிலும் இருக்கும். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் தனியொருவராக நூல்களும் இதழ்களும் அழைப்பிதழ்களும் துண்டறிக்கைகளும் சேர்த்தவர் முத்தையா. அவர் 1992-இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அச்சேமிப்பை வாங்கியது. அதுவே தமிழர் பயன்பெறும் நூலகமாகச் சென்னையில் நிலைபெற்றது. நம்மிடம் அரிய அச்சு நூல் ஏதேனும் வந்தால் அத்தகைய இடத்தாரைக் கேட்டுக்கொண்டு நடக்கலாம்.

அதுவரை வீட்டிலேயே செய்யத்தக்கவை சில உண்டு. படத்தின் பின்புறத்தில் பெயரும் ஊரும் ஆண்டும் மெல்லிய பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். பேனா வேண்டா, மை முன்புறம் ஊறிவிடும். கிழிந்த தாளுக்குச் செலோடேப் ஒட்டாதீர்கள். நாளடைவில் பசை பழுத்துக் கறையாகும். லாமினேஷன் செய்வதும் அத்தகையதே. பிறகு அதனைப் பிரிக்க எவராலும் இயலாது. கைப்பேசியில் உள்ள படங்களை நம்பியிருப்போர்க்கும் ஒரு சொல்: கைப்பேசி தண்ணீர்த் தொட்டியில் விழுந்தால் தகரப் பெட்டியைவிட விரைவில் மறந்துவிடும்.

இனி, முன்னே சொல்லாமல் விட்ட செய்தி. ரத்திக் கடைக்காரர் மராத்தியர், நல்ல மனிதர். நாம் போய்ச் சேர்ந்தபோது தாள்கள் லாரியேறிவிட்டன. நம் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, உள்ளே சென்று ஒரு கெட்டி அட்டை நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு வந்தார். பாதிக்கு மேல் வெற்றுப் பக்கம் இருந்ததால் தம் மகளுக்கு ஆகும் என்று எடுத்து வைத்தாராம். பணம் கொடுத்தோம், வாங்க மறுத்தார். அதற்கு ஈடாக ஒரு புது நோட்டு வாங்கிக் கொடுத்து இதனைப் பெற்றுக்கொண்டோம்.

அது நம் பழைய காரியதரிசியின் ஞாயிறு வகுப்பு வருகைப் பதிவேடு. முன்பகுதியில் அவர் கையெழுத்தில் முப்பத்தொரு குழந்தைகளின் பெயர்கள். சிலவற்றின் எதிரே, "காய்ச்சல்", "ஊருக்குப் போயிருக்கிறாள்", "ழகரம் வந்துவிட்டது" என்று குறிப்புகள். பின்பகுதியில் கடைக்காரரின் மகள் இரண்டு நாளில் போட்ட கணக்குகள், மராத்தி எண்களில். அப்பக்கங்களைக் கிழித்துவிடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கிழிக்கவில்லை. அந்த நோட்டு எவ்வழியே வந்தது என்பதற்கு அவையே சாட்சி.

முப்பத்தொரு பெயர்களில் பத்தொன்பது பேரை இதுவரை அடையாளம் கண்டிருக்கிறோம். அவர்களுள் எழுவர் இப்போது இம்மண்டபத்தில் அமர்ந்திருக்கிறீர்கள். மற்றப் பன்னிருவர் யாரெனத் தெரியவில்லை. நோட்டுப் புத்தகம் மேடையின் இடப்புறத்து மேசை மேல் வைக்கப்பட்டுள்ளது. பக்கத்தில் ஒரு தனித் தாளும் பென்சிலும் இருக்கின்றன. தேநீர் அருந்திய கையைத் துடைத்துக்கொண்டு வந்து பாருங்கள். தெரிந்த பெயர் இருப்பின் அத்தாளில் எழுதிச் செல்லுங்கள்.